கரண்ட் என்றால் தண்ணீர்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது வாசியுங்கள்.

போன கிழமை தரம் 9 பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்டேன். "கரண்ட் போனால் வீட்டில் முதலில் என்ன நிற்கும்?" ஃபேன், வைஃபை, டிவி என்று சத்தம் போட்டார்கள். ஒரு பிள்ளை மட்டும், "பைப்பில தண்ணி நிற்கும் சேர்" என்றது. அந்தப் பிள்ளையின் வீடு வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் ஏழாவது மாடி.

2022 மார்ச் கடைசியில் 13 மணிநேர மின்வெட்டு வந்தது நினைவிருக்கும். நோன்பு தொடங்கும் நேரம். எங்கள் தொடர்மாடியில் மோட்டார் ஓடவில்லை, மேல் டேங்க் காலி. வுழூ செய்யக்கூட வாளியோடு கீழே இறங்கினோம். அப்போது படியில் நின்ற கோப்பாய் ஐயா ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "மாஸ்டர், உங்களுக்கு இப்பதான் தெரியுது. தோட்டம் செய்த எங்களுக்குக் கரண்ட் எண்டாலும் எண்ணெய் எண்டாலும் தண்ணிதான்."

அந்தச் சொல்லின் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. நமது பாடப் புத்தகத்தில் அது இரண்டு வரியோடு முடிந்துவிடும். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

கொழும்புக்கு மின்சாரம் வந்தது 1895 இல். கோட்டையில் ஒரு கட்டடத்துக்கு விளக்கு எரிந்தது. பிறகு கிராண்ட்பாஸுக்கும் பொரளைக்கும் மின்சார ட்ராம் ஓடியது. கொட்டாஞ்சேனையில் பழைய ஆட்கள் இருந்தால் அந்த ட்ராம் கதை சொல்லுவார்கள். மலையில் விழும் தண்ணீரிலிருந்து நாட்டுக்கே மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918 இல் கட்டுரை வாசித்தார். 1924 இல் லக்ஸபான வேலை தொடங்கியது. சில வருடத்தில் பணம் இல்லை என்று நிறுத்தினார்கள். கடைசியில் லக்ஸபான மின்சாரம் வந்தது 1950 இல். மூன்று வருடத்தில், 1953 இல், அவர் காலமானார்.

வந்த மின்சாரம் முதலில் யாருக்குப் போனது? நகரங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும். கிராமத்து வயலுக்கு மேலால் கம்பி போகும், அதன் கீழே குப்பி விளக்கு எரியும். இது இலங்கைக்கு மட்டும் உரிய கதையும் இல்லை. 1930களின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் பத்துப் பண்ணைகளில் ஒன்றுக்குத்தான் மின்சாரம் இருந்தது. தூரத்து வீடுகளுக்குக் கம்பி இழுத்தால் லாபம் இல்லை என்றன கம்பனிகள். 1935 இல் அரசாங்கம் தனி நிறுவனம் அமைத்துக் கடன் கொடுத்தது. விவசாயிகள் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து தாங்களே கம்பி இழுத்தார்கள்.

இலங்கையில் நெல் விவசாயிக்குத் தண்ணீர் பெரும்பாலும் குளத்திலிருந்து வாய்க்கால் வழியே தானாக இறங்கி வரும். யாழ்ப்பாணத்துக்கும் கற்பிட்டிக்கும் அந்த வசதி இல்லை. வற்றாத ஆறு கிடையாது, கிணறுதான் எல்லாம். யாழ்ப்பாணத்தில் துலா போட்டார்கள். மேலே மரத்தில் ஆட்கள் முன்னும் பின்னும் நடந்து மிதிக்க, கிணற்றடியில் ஒருவர் பட்டையைப் பிடித்து வாய்க்காலில் ஊற்றுவார். பாத்திக்குத் தண்ணீர் கட்ட இன்னொருவர். பகல் முழுக்க இறைத்தாலும் நனைவது சிறு துண்டு நிலம்தான். பம்ப் வந்த பிறகு இரண்டு மூன்று பேரின் வேலையை ஒரு இயந்திரம் செய்தது. வெங்காயமும் மிளகாயும் உருளைக்கிழங்கும் கொழும்புக்கு லொறியில் வந்தன.

இப்போது 1990 ஆம் வருடத்தைப் பாருங்கள். போரில் அந்த வருடம் யாழ்ப்பாணத்துக்கு வந்துகொண்டிருந்த லக்ஸபான மின்சாரம் அறுந்தது. பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெயும் உரமும் அரிதாகின. பம்ப் வைத்திருந்தவர்களில் திரும்பவும் துலாவுக்குப் போனவர்கள் உண்டு. தேசிய மின்கட்டமைப்போடு யாழ்ப்பாணம் மீண்டும் இணைந்தது 2013 இல். 23 வருடம்.

அதே 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து எங்கள் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். நிறையப் பேர் புத்தளம், கற்பிட்டிப் பக்கம் வந்து கொட்டிலில் இருந்தார்கள். பலர் அங்கே வெங்காயத் தோட்டங்களில் நாள் கூலிக்கு வேலை செய்தார்கள். அந்தத் தோட்டங்களுக்குப் பக்கத்தில்தான் இன்று நாட்டின் மிகப் பெரிய அனல் மின்நிலையம் நிற்கிறது. நுரைச்சோலை, 900 மெகாவாட்.

அதே 1990 இல் கடலுக்கு அந்தப் பக்கம் நடந்தது நேர் எதிர். தமிழ்நாட்டில் 1932 இல் பைக்காரா நீர்மின்சாரம் வந்ததிலிருந்து கோயம்புத்தூர்ப் பக்கம் மாடு கட்டி இறைத்த கிணறுகளில் மெல்ல மெல்ல மோட்டார் ஏறியது. 1970களில் மின்கட்டணத்தை எதிர்த்து விவசாயிகள் நாராயணசாமி நாயுடு தலைமையில் மாட்டுவண்டிகளோடு தெருவில் இறங்கினார்கள். 1984 இல் சிறு விவசாயிகளுக்கும், 1990 இல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் கிடைத்தது. ஏழை விவசாயி மூச்சு விட்டான். ஆனால் மோட்டாரை நிறுத்த ஒரு காரணமும் இல்லாமல் போனது. கிணறு வற்றியது, ஆழ்துளைக் கிணறு பல நூறு அடிக்கு இறங்கியது. பக்கத்துச் சிறு விவசாயியின் கிணற்றில் தண்ணீர் இல்லை. இலவச மின்சாரத்தை வைத்து அவன் எதை இறைப்பது?

யாழ்ப்பாணத்துக்கும் கற்பிட்டிக்கும் இது இன்னும் ஆபத்து. கடல் பக்கத்தில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல்தான் மிதக்கிறது. அளவுக்கு மேல் இறைத்தால் உப்பு மேலே வரும்.

2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய் ஆனது. மின்கட்டணமும் ஏறியது. நாங்கள் இங்கே லைட் பில்லைப் பிடித்துக்கொண்டு ஏசினோம். அது நியாயம்தான். ஆனால் மண்ணெண்ணெய் பம்ப் வைத்திருந்த தோட்டக்காரனுக்கு அந்த ஒரு நாளில் தண்ணீர் விலை நான்கு மடங்கானது. சந்தையில் வெங்காய விலையைப் பார்த்து அவனையும் ஏசினோம்.

என் கருத்து இதுதான். விவசாயியின் மின்சாரத்தை விளக்குக் கணக்கில் எழுதக்கூடாது, தண்ணீர்க் கணக்கில் எழுத வேண்டும். தண்ணீரை யாருக்கும் திடீரென்று வெட்டவும் முடியாது, கணக்கில்லாமல் திறந்துவிடவும் முடியாது. அவன் கட்டக்கூடிய ஒரு நியாயமான விலை வேண்டும், கூடவே கிணற்றுக்கு ஒரு அளவும் வேண்டும். அடுத்த முறை கட்டணம் பற்றிப் பேச்சு வரும்போது இதையும் சேர்த்துப் பேசுவோம்.

பிள்ளைகளுக்கு ஒரு வீட்டு வேலை கொடுத்திருக்கிறேன். வீட்டில் உள்ள மூத்தவர்களிடம், "உங்கள் ஊரில் தண்ணீர் எப்படி இறைத்தீர்கள், எப்போது கரண்ட் வந்தது?" என்று கேட்டு எழுதி வரவேண்டும். உங்கள் வாப்பா, உம்மா, தாத்தா, பாட்டி இருந்தால் நீங்களும் கேட்டுக் கீழே எழுதுங்கள். வகுப்பில் வாசித்துக் காட்டுகிறேன், இன்ஷா அல்லாஹ். துலா மிதித்தவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். இப்போதே கேட்டுவிடுங்கள்.