வானம் பார்த்த பூமியின் வானம்

பங்குனி வெயிலில் ராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதிப் பக்கம் மிளகாய்க் களங்கள் சிவந்து கிடக்கும். காலையில் பரப்பி, இடையில் காலால் கிளறிவிட்டு, மாலையில் குவித்து மூடுவார்கள். மேற்கே ஒரு கருக்கல் தெரிந்தால் போதும், வீட்டில் இருப்பவர்கள் எல்லாம் தார்ப்பாயோடு களத்துக்கு ஓடுவார்கள். நனைந்த வத்தல் நிறம் மங்கும். மங்கினால் விலை போகாது. அதே ஆட்கள்தாம் ஐப்பசியில் கண்மாய்க் கரையில் நின்று, அதே கருக்கல் எப்போது எழும் என்று வடகிழக்கைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். ஒரே நிலத்தில் ஒரே வானத்தை ஆறு மாத இடைவெளியில் இரண்டு விதமாகப் படிக்கும் இந்தப் பழக்கம், மழைக் கணக்கிலும் வரிக் கணக்கிலும் மின்சாரக் கணக்கிலும் எப்படி ஏறியது, எங்கே விடுபட்டது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

சொல்லிலிருந்து தொடங்கலாம். தமிழில் ‘வான்’ ஆகாயத்தையும் குறிக்கும், மழையையும் குறிக்கும். திருக்குறளின் இரண்டாம் அதிகாரமான ‘வான் சிறப்பு’ முழுக்க மழையைப் பற்றியது. தென்மாவட்டப் பேச்சில் வானம் ‘மானம்’ ஆகிறது. ‘மானாவாரி’யும் வானவாரியின் திரிபு என்றே கருதலாம். ‘வானம் பார்த்த பூமி’ என்ற தொடரில் பார்ப்பது நிலம். வானம் பார்க்கப்படுவது மட்டுமே. கமுதி, முதுகுளத்தூர், சாயல்குடிப் பக்கத்துக்கு இத்தொடர் ஒரு முகவரி போலவே ஒட்டிக்கொண்டது.

இந்த வானத்துக்கு ஒரு தனி உருவமும் உண்டு. குண்டாற்றுச் சமவெளியில் கண்ணை மறிக்க மலை இல்லை. கண்மாய்க் கரையும் பனையும்தான் மேடு. அதனால் அடிவானம் நாற்புறமும் முழுசாகத் தெரிகிறது; தொலைவில் வேறு ஊரில் பெய்யும் மழையின் மின்னலை இங்கிருந்து பார்க்கலாம். ஆடியில் மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவமழையை அந்தப் பக்கமே இறக்கிவிட, காற்று மட்டும் புழுதியோடு இங்கே வந்து சேரும். ஆண்டு மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய சில வாரங்களில் கொட்டிவிட்டுப் போய்விடும். அந்தச் சில வாரத்தைப் பிடித்து வைக்கத்தான் இத்தனை கண்மாய்கள்.

தெற்கே மன்னார் வளைகுடாவை நோக்கிப் போனால் வானத்தைப் படிக்கும் முறையே மாறுகிறது. கரையில் வானம் என்றால் முதலில் காற்று: வாடை, கொண்டல், கச்சான், சோழகம். ராமேசுவரம், பாம்பன் பகுதியில் மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்றும் சொல்வார்கள். ஒரே தீவின் இரு கரைகளிலும் ஒரே காற்றுக்கு இரண்டு பொருள். இரவில் ஆறாமீனும் விடிவெள்ளியும் கடிகாரமாயின. உழவருக்கு மேகம் வராதது கவலை என்றால், கடலோடிக்கு அது வந்ததே கவலை. பாம்பன் துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் கூண்டு இந்த வாசிப்பை எண்களுக்கு மாற்றியது. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த புயல், பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயிலையும் கொண்டுபோனது. அதற்குப் பின் இக்கரையில் அடிவானம் கறுப்பதை யாரும் சும்மா பார்த்ததில்லை.

அரசு இந்த வானத்தைக் கணக்கில் கொண்டது வேறு வழியாக. 1803-இல், இப்பகுதியை ஆண்ட சேதுபதிகளின் நாடு ஜமீனாயிற்று. ஜமீன் கட்ட வேண்டிய தொகை நிரந்தரமாக நிர்ணயமானது. மழை நிலையில்லாத இடத்தில் தொகை மட்டும் நிலையானது என்பதுதான் இதன் சிக்கல். 1948 சட்டம் ஜமீன்களை ஒழிக்கும்வரை அது நீடித்தது. இடையில் வந்தது 1876–78 தாது வருஷப் பஞ்சம்.

மழை ஏன் பொய்க்கிறது என்று அப்போது சூரியனிடமே கேட்கப்பட்டது. சுமார் பதினோரு ஆண்டுக்கு ஒருமுறை கூடிக்குறையும் சூரியப் புள்ளிகளுக்கும் இந்தியப் பருவமழைக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற எண்ணம் வலுத்தது. சூரியனை ஆராயத் தனி ஆய்வகம் வேண்டும் என்ற கோரிக்கைக்கு அதுவும் ஒரு காரணம். சென்னையில் 1792 முதலே வானாய்வகம் இருந்தது. ஆனால் கடலோரச் சமவெளியின் ஈரமும் தூசும் சூரியனை நுணுக்கமாகப் பார்க்க ஒத்துவரவில்லை. வானியலர் மிச்சி ஸ்மித் மலைகளில் இடம் தேடி, கோடைக்கானலைத் தேர்ந்தார். 1899-இல் நிறுவப்பட்ட ஆய்வகம் சுமார் 2,340 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. அங்கிருந்து 1909-இல் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளியில் வாயு உள்ளிருந்து வெளியே பாய்வதைக் கண்டறிந்தார். நூறாண்டுக்கு மேல் அன்றாடச் சூரியப் படங்கள் அங்கே சேர்ந்தன. அவர் கண்டது ‘எவர்ஷெட் விளைவு’ என்று உலகப் பாடநூல்களில் ஏறிவிட்டது. கண்மாய் எப்போது நிரம்பும் என்பதற்கு மட்டும் அங்கிருந்து பதில் வரவில்லை.

நிலத்தில் மனிதர்கள் வேறு பதில்கள் தேடினார்கள். பயிர் பொய்த்த புஞ்சையில் சீமைக்கருவேலம் பரவியது. அதை வெட்டிக் கரிமூட்டம் போட்டார்கள். பட்டாவில் புஞ்சையாகவும் பார்வைக்குத் தரிசாகவும் கிடந்த இந்த நிலத்தின் மீதுதான் 2012-க்குப் பிறகு வேறொரு பார்வை விழுந்தது. அந்த ஆண்டு வந்த தமிழ்நாட்டுச் சூரிய ஆற்றல் கொள்கை 2015-க்குள் 3,000 மெகாவாட் என்று குறி வைத்தது. 2015-இல் அதானி குழுமம் ஒரு யூனிட் 7 ரூபாய் 1 காசுக்கு மின்வாரியத்தோடு ஒப்பந்தம் போட்டது. கமுதிப் பக்கத்துச் செங்கப்படையை ஒட்டி சுமார் 2,500 ஏக்கரில் 25 லட்சம் பலகைகள் எழுந்தன. 648 மெகாவாட் நிலையம் 2016 செப்டம்பரில் திறக்கப்பட்டது. ஒரே இடத்தில் அமைந்தவற்றுள் உலகிலேயே பெரியது என்று அப்போது அறிவிக்கப்பட்டது.

கோடைக்கானலுக்கும் கமுதிக்கும் உள்ள வேறுபாடு இங்கே தெளிவாகிறது. தொலைநோக்கிக்கு அசையாத காற்று வேண்டும். பலகைக்கு ஒளியின் அளவு போதும். சமவெளிக் கானல் இரண்டாவதற்குத் தடையில்லை. ஆனால் வெப்பம் தடை: 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் சாதாரணச் சிலிக்கான் பலகை ஏறத்தாழ 0.4 சதவீத ஆற்றலை இழக்கிறது. புழுதியை ரோபோக்கள் தினமும் துடைக்கின்றன. எவ்வளவு கொளுத்தினாலும் எல்லா வெயிலும் மின்சாரம் ஆகிவிடுவதில்லை.

மழையை நம்பியிருந்த ஊர் வெயிலுக்கு மாறியது என்று இதை எழுதுவது எளிது. அப்படித்தான் பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மிளகாய்க் களம், கடலோர உப்பளம், கருவாட்டுப் பாய் ஆகியவை எல்லாம் வெயிலை அறுவடை செய்தவைதாம். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் தோலும் நிறமும் மானாவாரி மண்ணால் மட்டும் வந்தவை அல்ல, களத்து வெயிலும் அதில் உண்டு. அந்த வெயிலை அளக்க மீட்டர் இருந்ததில்லை என்பதால் ஆவணத்தில் அது இல்லை. 2016-இல் புதிதாக வந்தது வெயிலின் பயன் அல்ல, அதற்கு யூனிட் கணக்கில் எழுதப்பட்ட விலை.

கமுதி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 9.4 பாகையில் இருக்கிறது. சென்னையில் சூரியன் நேர் உச்சிக்கு வருவது ஏப்ரல் 24-ஐ ஒட்டி. இங்கே ஏப்ரல் 14-ஐ ஒட்டி, அதாவது சித்திரை பிறக்கும் நாளில். அன்று பகல் 12.16 மணி அளவில் களத்தில் ஊன்றிய குச்சிக்கு நிழல் இருக்காது. மறுநாளிலிருந்து, ஆகஸ்டு கடைசியில் சூரியன் திரும்பிவரும்வரை, உச்சிவேளை நிழல் தெற்கே விழும். வத்தல் காயப்போடுபவர்கள் அந்த மாதங்களில் சுவரின் தென்புறம் களம் போட மாட்டார்கள்.