லாட வடிவில் ஒரு கணினி

கிரே-1 கணினியின் படத்தை முதலில் பார்க்கிறவர் அதைக் கணினி என்று சொல்லமாட்டார். ஆளுயரத்துக்கும் மேலான பன்னிரண்டு தூண்கள், ஒரு பக்கம் மட்டும் திறந்து, மாட்டு வண்டிக்காரர் அடிக்கும் லாடம் போல வளைந்து நிற்கும். சுற்றிலும் மெத்தை போட்ட திண்ணை வேறு! அழகுக்காக இப்படிச் செய்திருக்கிறார்கள் என்றுதான் பலரும் நினைத்தார்கள். திண்ணைக்கு அடியில் இருந்தவை மின்சாரம் வழங்கும் சாதனங்கள். வட்டத்துக்கான காரணம் கம்பியின் நீளம்.

சீமோர் கிரே என்பவர் அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்துச் சிப்பெவா ஃபால்ஸ் என்ற சிற்றூரில் இதை உருவாக்கினார். முதல் இயந்திரம் 1976இல் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்துக்குப் போயிற்று. அதன் கடிகாரம் நொடிக்கு 8 கோடி முறை துடித்தது. ஒரு துடிப்புக்கு 12.5 நானோ நொடி. பிரெஞ்சுப் பள்ளியில் ஒளியின் வேகம் நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் என்று மனப்பாடம் செய்தோம். அதைக் கொண்டு கணக்குப் போட்டால், ஒரு நானோ நொடியில் ஒளி போவது சுமார் ஓர் அடிதான். செம்புக் கம்பியில் மின்குறி அதைவிட மெதுவாகவே போகும். அந்த 12.5 நானோ நொடிக்குள் பயணமும் முடியவேண்டும், கணக்கு வேலையும் நடக்கவேண்டும்.

எங்கள் அலுவலகத்தில் கையெழுத்துப் போட ஒரு நிமிடம், கோப்பு மாடியிலிருந்து கீழே வர மூன்று நாள். கிரே தீர்க்க நினைத்ததும் அந்த மூன்று நாளைத்தான்.

தூண்களை வரிசையாக நிறுத்தினால் முதல் தூணிலிருந்து கடைசித் தூணுக்குக் கம்பி நீண்டுகொண்டே போகும். வளைத்து நிறுத்தி, எல்லாவற்றின் முதுகையும் உள்பக்கம் திருப்பிவிட்டால், எதிரெதிர்த் தூண்கள்கூடப் பக்கத்து வீடு போல ஆகிவிடும். சர்க்யூட் போர்டுகளை வெளிப்பக்கமிருந்து செருகினார்கள். கம்பிகள் எல்லாம் வட்டத்துக்கு உள்ளே. நான்கு அடிக்கு மேல் எந்தக் கம்பியும் கிடையாது.

அந்தக் கம்பிகளை இணைத்தது இயந்திரம் இல்லை, மனிதக் கைகள், பெரும்பாலும் பெண்களின் கைகள். கம்பிகளை வெறுமனே குட்டையாக வெட்டினால் போதாது. குறி முந்தியும் வரக்கூடாது, பிந்தியும் வரக்கூடாது என்பதால் ஒவ்வொன்றையும் சொன்ன நீளத்துக்கு வெட்டவேண்டும். லாடத்தின் வயிற்றுக்குள் அடர்ந்து கிடக்கும் கம்பிக் காட்டைப் படத்தில் பார்த்தாலே எனக்குக் கண் வலிக்கிறது. கணினி என்றதும் கிரேயின் பெயர் வருகிறது, இவர்கள் பெயர் வருவதில்லை.

நெருக்கினால் சூடு ஏறும். இது 115 கிலோவாட் மின்சாரம் தின்ற இயந்திரம். இரண்டிரண்டு போர்டுகளுக்கு நடுவே செப்புத் தகடு வைத்து, தூணுக்குள் எஃகுக் குழாயில் ஃப்ரீயானை ஓடவிட்டுக் குளிர்வித்தார்கள்.

1985இல் வந்த கிரே-2இன் வட்டம் இன்னும் சிறியது. துடிப்பு 4.1 நானோ நொடி. போர்டுகளை ஒரு திரவத்துக்குள்ளேயே மூழ்க வைத்துவிட்டார்கள். பிறகு மொத்தக் கணினியும் நகக்கண் அளவுச் சில்லுக்குள் வந்துவிட, தூண்களை வளைக்கவேண்டிய தேவை போயிற்று. ஜெர்மனியில் மியூனிக் நகரத்து டாய்ச்சஸ் மியூசியத்தில் ஒரு கிரே-1 இருக்கிறது, திண்ணையோடு.