சூளைக்குள்ளே மூணு நிமிஷம்

எங்க ஆத்தா வீட்டுல ஓரம் உரிஞ்ச ஒரு பீங்கான் தட்டு இருந்துச்சு. பீங்கான்னு சொன்னாலும் உள்ளே இரும்புதான். மேலே இருப்பது எனாமல், அதாவது உருக்கி ஒட்டின கண்ணாடி. பெயிண்ட் கடை எனாமல் வேறங்க, குழப்பிக்க வேண்டாம்.

அந்த வேலையைச் செம்பில் செய்ய எங்க குழுவில் 12 பேருக்கு ஐந்து நாள் பயிற்சி கிடைத்தது. தகட்டைப் புளி, உப்பு போட்டுத் தேய்த்து, கண்ணாடிப் பொடியைச் சல்லடையில் தூவி, 800 டிகிரி மின்சூளையில் ரெண்டு மூணு நிமிஷம் வைக்கணும். நான் போட்ட முதல் கம்மல் ஆறும்போதே ‘டக்’னு தெறிச்சுப்போச்சு. ஏன்னு கேட்டேன். "கை பழகணும்மா" என்றார் பயிற்சி கொடுத்தவர். கடைசி நாள் வரை அவ்வளவுதான் பதில்.

காரணம் பிறகுதான் தெரிந்தது. ஆறும்போது கண்ணாடியை விடச் செம்பு அதிகம் சுருங்கும். ஒரு பக்கம் மட்டும் பூசினால் தகடு வளைந்து, கண்ணாடி வெடிக்கும். பின்பக்கமும் பூசிவிட்டால் ரெண்டு இழுப்பும் சமமாகும். ஒரே ஒரு வரிதான்! அதைச் சொல்ல மனசு வரலை.

இது இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை. ஜெய்ப்பூர் மீனாகாரி வேலைக்காரர்களை ராஜா மான்சிங் லாகூரிலிருந்து கூட்டிவந்தார் என்பார்கள். அங்கே தொழில் அப்பாவிடமிருந்து மகனுக்குப் போனது. வெளியாளுக்குக் கதவு திறப்பது அபூர்வம்.

அமெரிக்காவில் வேறு மாதிரி நடந்தது. கிளீவ்லாந்து ஓவியப் பள்ளியில் 1927-இல் ஆசிரியராகச் சேர்ந்த கென்னத் பேட்ஸ், எனாமலை வகுப்பில் வைத்துச் சொல்லிக்கொடுத்தார். 1951-இல் செய்முறையைப் புத்தகமாகவும் போட்டார். நகைக்கு நிறம் ஏற்றும் வேலை, ஓவியர்கள் கையில் தனிக் கலையாச்சு. ஜூன் ஷ்வார்ட்ஸ் என்ற பெண் 1954-இல், 36 வயசுக்குக் கிட்டத்தில்தான் எனாமல் கற்றார். மெல்லிய செம்புத் தகட்டை மடித்து, தைத்து, கிண்ணங்களாக்கி எனாமல் பூசினார். தொண்ணூறு வயசு தாண்டியும் வேலை செய்தார். நம்ம வயசெல்லாம் ஒரு வயசா?

இதை எழுதும்போது ஒன்றைச் சொல்லியாகணும். போன தீபாவளிக்கு எங்களுக்கு 200 ஜோடி கம்மல் ஆர்டர் வந்தது. பக்கத்து ஊர்க் குழு அக்கா ஒருவர் தன் தகடு ஏன் வெடிக்குதுன்னு கேட்டாங்க. "கை பழகணும்க்கா" என்றேன். அதே வார்த்தை. அன்னைக்கு ராத்திரி சோறு இறங்கலை.

சனிக்கிழமை சல்லடையும் பொடியும் எடுத்துக்கிட்டு அவங்க ஊருக்குப் போனேன். பின்பூச்சைக் காட்டினேன், பொடி தூவும்போது மூக்குல துணி கட்டச் சொன்னேன். அவங்க போட்ட கம்மல் வெடிக்கலை. சிவப்பு மட்டும் கொஞ்சம் கருகிப்போச்சு. சூளையில் அரை நிமிஷம் கூடிப்போச்சுன்னு அவங்களே சொன்னாங்க.