ஒரு லாரிகூட தொலையல: ரவுட்டருக்குள்ள நிக்கிற க்யூவின் கதை

அப்டேட், ரோல்பேக், மறுபடி அப்டேட். இது எங்க ஊருக்கு ரொம்பப் பழகின விசயம் மக்களே. 1995ல திருச்சியில இருந்து பிரிச்சு பெரம்பலூர் மாவட்டம்னு ஒரு புது வெர்ஷன் விட்டாங்க. 2001 ஜனவரியில அதுல இருந்து அரியலூரைத் தனியாப் பிரிச்சாங்க. 2002 மார்ச்சுல திரும்ப ஒண்ணாச் சேர்த்தாங்க. 2007 நவம்பர்ல மறுபடியும் பிரிச்சாங்க. அதனால "அப்டேட் போட்டதுல இருந்து எல்லாம் இழுக்குது"ன்னு யாராச்சும் சொன்னா எங்களுக்குச் சட்டுனு புரிஞ்சிடும் :-)

இந்தப் பதிவு மாவட்டத்தைப் பத்தி இல்ல, வீட்டு ரவுட்டரைப் பத்தி. ஃபர்ம்வேர் அப்டேட் ஆகுது. ஸ்பீட் டெஸ்ட் போட்டா காசு கட்டின வேகம் முழுசா வருது. ஆனா வீடியோ கால்ல குரல் வெட்டி வெட்டி வருது, பிங் எகிறுது. வேகம் குறையாம தாமதம் மட்டும் எங்கேருந்து வந்துச்சு? இந்தக் கேள்விக்குப் பின்னாடி நாப்பது வருசக் கதை ஒண்ணு இருக்கு. ஆணி கொஞ்சம் கம்மியா இருக்கறதால இன்னிக்கு அந்தக் கொசுவத்தியைச் சுத்திடறேன்.

முதல்ல ஒரு சின்னக் கணக்கு. பெரம்பலூர்ல இருந்து சென்னை சுமார் 270 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள்ள ஒளி ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் போகும். அப்படின்னா போயிட்டு வர 3 மில்லி விநாடி கூட ஆகாது. கேபிள் ஊரெல்லாம் சுத்திப் போகுது, நடுவுல நாலஞ்சு பொட்டி இருக்குன்னு வச்சுக்கிட்டாலும் 10, 15 மில்லி விநாடியில வேலை முடியணும். பிங் 800ன்னு காட்டினா, மிச்சம் அத்தனையும் பயண நேரம் இல்ல. எங்கேயோ வரிசையில நின்ன நேரம்.

பிங்கை எழுதினவர் மைக் மூஸ், அமெரிக்க ராணுவ ஆராய்ச்சிக்கூடம் ஒண்ணுல வேலை பார்த்தவர். 1983 டிசம்பர்ல நெட்வொர்க் ஒண்ணு மக்கர் பண்ணுதுன்னு ஒரே ராத்திரியில எழுதினார். நீர்மூழ்கிக் கப்பல்காரங்க ஒலியை அனுப்பி எதிரொலிக்குக் காத்திருப்பாங்க இல்லையா, அந்தச் சத்தத்தோட பேரைத்தான் வச்சார்.

மூணு வருசம் கழிச்சு, 1986 அக்டோபர்ல, இணையம் முதல் தடவையா மூச்சுத் திணறிச்சு. கலிஃபோர்னியாவுல லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பக்கத்துல இருக்கற பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் நடுவுல 400 கஜம்தான் தூரம். அந்த இணைப்போட வேகம் 32 கேபிபிஎஸ்ல இருந்து விநாடிக்கு 40 பிட்டுக்கு விழுந்துச்சு. கிலோபிட் இல்ல, வெறும் பிட்! காகிதத்துல எழுதி நடந்தே கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். வான் ஜேக்கப்சன் இதைத் தோண்டிப் பார்த்து, 1988ல வெளியிட்ட கட்டுரையில வைத்தியம் சொன்னார். பாக்கெட் தொலைஞ்சா பாதை நெரிசலா இருக்குன்னு அர்த்தம், அனுப்புறவன் உடனே வேகத்தைக் குறைக்கணும். அந்த ஒரு விதிதான் இணையத்தைக் காப்பாத்துச்சு.

கவனிங்க, இதுல ஒரு நிபந்தனை ஒளிஞ்சிருக்கு. நெரிசல் வந்தா பாக்கெட் தொலையணும், அதுவும் சீக்கிரமாத் தொலையணும். தொலையலைன்னா அனுப்புறவனுக்குச் சேதியே போகாது.

அப்புறம் மெமரி மலிவாச்சு. பாக்கெட் தொலையறது கெட்ட விசயம், அதனால பெரிய பஃபர் வச்சா எதுவும் தொலையாதுன்னு ரவுட்டர், மோடம் செய்யறவங்க நினைச்சாங்க. கேக்கறதுக்கு நியாயமாத்தான் இருக்கு. ஆனா ஜான் நேகிள்ங்கிறவர் 1985லயே, அளவில்லாத மெமரி கொடுத்தாலும் நெட்வொர்க் பிழைக்காதுன்னு எழுதி வச்சுட்டார். யாரும் பெருசாக் கண்டுக்கல.

அரியலூர்ப் பக்கம் வந்தவங்களுக்கு இது ஈஸியாப் புரியும். சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏத்திட்டுப் போற லாரிங்க வரிசையா நிக்குது. எடைமேடையில நிமிசத்துக்கு ஒரு லாரிதான் போக முடியும். "வரிசை பெருசாயிடுச்சா? பரவால்ல, இன்னும் நூறு லாரி நிக்கிற மாதிரி ரோட்டை நீட்டிடு"ங்கறாங்க. நீட்டியாச்சு. ஒரு லாரிகூட திரும்பிப் போகல, ஆலைக்காரருக்குச் சந்தோசம். கணக்குப் புத்தகத்துல நஷ்டமே இல்ல. ஆனா அந்த வரிசைக்குக் கடைசியில டிவிஎஸ் 50ல பால் கேனோட நிக்கிறவர் கதி? அவருக்கு எடை போடவே வேணாம். இருந்தாலும் நூறு லாரியும் போன பிறகுதான் அவருக்கு வழி. பால் திரிஞ்சு போயிருக்கும்.

லாரிதான் நீங்க அப்லோட் பண்ற போட்டோவும் வீடியோவும். டிவிஎஸ் 50தான் உங்க குரல்.

இதையே எண்ணுல பார்ப்போம். லினக்ஸ்ல ஈதர்நெட்டுக்கு வழக்கமா வச்சிருந்த வரிசை நீளம் 1000 பாக்கெட். ஒரு பாக்கெட் 1500 பைட், அதாவது 12,000 பிட். மொத்தம் 1.2 கோடி பிட். விநாடிக்கு 100 மெகாபிட் போற இணைப்புல இது 0.12 விநாடியில காலியாயிடும். 2 மெகாபிட் அப்லோட்ல 6 விநாடி ஆகும். நம்ம நாட்டோட 2004 பிராட்பேண்ட் கொள்கை 'பிராட்பேண்ட்'னு சொன்ன குறைஞ்சபட்ச வேகம் 256 கேபிபிஎஸ். அந்த வேகத்துல 47 விநாடி! அதே பஃபர், அதே கோடு. வேகமான இணைப்புக்கு நினைச்ச எண்ணை மெதுவான இணைப்புல அப்படியே விட்டுட்டாங்க.

இது ஒரு நோய்னு பேரு வச்சவர் ஜிம் கெட்டிஸ். எக்ஸ் விண்டோ உருவாக்கினவங்கள்ல ஒருத்தர், ஹெச்டிடிபி தர ஆவணத்துலயும் பேரு இருக்கற ஆளு. 2010ல அவர் வீட்டுல இருந்து எம்ஐடிக்குப் பழைய கோப்புகளைக் காப்பி பண்ணிட்டிருந்தப்ப, பிங் ஒரு விநாடியைத் தாண்டிப் போறதைப் பார்த்தார். அளந்தார், பாக்கெட்டைப் பிடிச்சுப் படம் போட்டார். கோளாறு நாட்டோட முதுகெலும்பு கேபிள்ல இல்ல, வீட்டு மோடத்துலயும் ரவுட்டர்லயும்தான்னு தெரிஞ்சுது. 'பஃபர்ப்ளோட்'னு பேரு வச்சார். பஃபர் வயிறு உப்பிக் கிடக்கறதுன்னு வச்சுக்கலாம்.

இத்தனை வருசம் இது ஏன் யாருக்கும் தெரியல? அளக்கற இடமும் நேரமும் தப்பு. நம்ம ட்ராய் 2006ல கொண்டுவந்த பிராட்பேண்ட் தர விதிகளையே எடுத்துக்கங்க. நிறுவனத்தோட முனையத்துல இருந்து சர்வதேச நுழைவாயில் வரைக்கும் 120 மில்லி விநாடிக்குள்ள இருக்கணும்னு போட்டிருந்தாங்க. நல்ல விதிதான். ஆனா அளவுகோல் ஆரம்பிக்கறதே நம்ம வாசலுக்கு வெளிய. வீட்டுப் பொட்டிக்குள்ள நிக்கிற வரிசை அந்தக் கணக்குல வரவே வராது. (2024 அக்டோபர்ல புது விதிகள் வந்து இதுக்குப் பதிலா நடைமுறைக்கு வந்துச்சு.) ஸ்பீட் டெஸ்ட்டும் இதே ரகம். எவ்ளோ லாரி போச்சுன்னு எண்ணும். டிவிஎஸ் 50 எவ்ளோ நேரம் நின்னுச்சுன்னு ரொம்ப நாளா யாருமே கேக்கல.

வைத்தியம் 2012ல வந்துச்சு. கேத்லீன் நிக்கோல்ஸும் அதே வான் ஜேக்கப்சனும் சேர்ந்து 'காடல்'னு ஒரு முறை எழுதினாங்க. வரிசை எவ்ளோ நீளம்னு பார்க்காதே, ஒவ்வொரு பாக்கெட்டும் எவ்ளோ நேரம் நின்னுச்சுன்னு பாரு. 100 மில்லி விநாடி முழுக்க காத்திருப்பு 5 மில்லி விநாடிக்குக் கீழ இறங்கவே இல்லைன்னா ஒரு பாக்கெட்டைத் தூக்கிப் போடு. அனுப்புறவனுக்குச் சேதி போயிடும். எரிக் டுமாஸே இதோட ஓட்டத்துக்கு ஒரு தனி வரிசைங்கற யோசனையையும் சேர்த்து லினக்ஸ்ல போட்டார், அதுதான் எஃப்கியூ-காடல். டிவிஎஸ் 50க்குத் தனி வழி! டேவ் டாட்ங்கிறவர் இதை வீட்டு ரவுட்டர்கள்ல ஓட வைக்கணும்னு வருசக் கணக்கா ஓடியாடினார். 2025 ஏப்ரல்ல காலமானார். சத்தமில்லாம நம்ம எல்லார் வீட்டுக் காலையும் தெளிவாக்கின மனுசன். நம்ம நாட்டுப் பங்கும் இருக்கு: சூரத்கல் என்ஐடிகே-யில மோஹித் தாஹிலியானி குழு எழுதின எஃப்கியூ-பை 2020ல லினக்ஸ் 5.6ல சேர்ந்துச்சு.

சரி, அப்டேட்டுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? சில அப்டேட் அமைப்பையெல்லாம் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுபோயிடும், போட்டு வச்ச வேக வரம்பு அழிஞ்சிடும். சிலது ஹார்டுவேர் முடுக்கத்தை ஆன் பண்ணிடும். அப்ப பாக்கெட் எல்லாம் வரிசையை ஒழுங்குபடுத்தற மென்பொருளைத் தொடாம குறுக்கால போயிடும். ஸ்பீட் டெஸ்ட் இன்னும் நல்லாவே காட்டும், அதுதான் கொடுமை.

அரியலூர்ல சித்தப்பா வீட்டுல போன வருசம் இதுதான் நடந்துச்சு. தங்கச்சிக்கு வீடியோவுல வேலை இன்டர்வியூ. முந்தின ராத்திரி ரவுட்டர் தானாவே அப்டேட் ஆயிடுச்சு. கேள்வி கேட்டு முடிச்சு ரெண்டு விநாடி கழிச்சுத்தான் இவ பதில் அங்க போகுது. எதிர்ல இருக்கறவங்களுக்கு இவ பதில் தெரியாம முழிக்கிற மாதிரி இருந்திருக்கும். "பெரிய பிளானுக்கு மாறுங்க"ன்னு இணைப்பு கொடுத்தவங்க சொல்லிட்டாங்க. சித்தப்பாவும் மாசம் கூட 400 ரூவா கட்டத் தயாராயிட்டார்.

மூணே மூணு அளவு எடுத்தேன். கம்பி மாட்டி ரவுட்டருக்கே, அதாவது 192.168.1.1க்குப் பிங்: 1 மில்லி விநாடிக்குள்ள. யாரும் நெட் தொடாதப்ப வெளிய ஒரு சர்வருக்கு: 14. தம்பி போன் போட்டோவை எல்லாம் மேகத்துக்கு ஏத்தறப்ப அதே சர்வருக்கு: 1900. முதல் அளவு வைஃபையில மட்டும் எகிறினா வைஃபை கோளாறு. ரெண்டாவது எகிறினா லைன்காரரைக் கூப்பிடணும். மூணாவது மட்டும் எகிறினா வரிசைதான். உள்ள போய்ப் பார்த்தா, நான் எப்பவோ போட்டு வச்ச அப்லோட் வரம்பு அப்டேட்ல காணாமப் போயிருந்துச்சு. அவங்க அப்லோட் 5 எம்பிபிஎஸ். வரம்பை 4.5ன்னு திரும்பப் போட்டேன். 1900 இருந்த இடத்துல 30. கொஞ்சம் வேகத்தை விட்டுக்கொடுத்தா வரிசை நம்ம கையில இருக்கும், அவ்ளோதான் சூட்சுமம். 400 ரூவாயும் மிச்சம்.

தங்கச்சிக்கு அந்த வேலை கிடைக்கல. இதனாலதான்னு என்னால நிரூபிக்க முடியாது. ஆனா 2020க்கு அப்புறம் எங்க ஊர்ப் பக்கம் எத்தனை பேர் வீட்டுல இருந்து வேலை பார்க்கறாங்க, படிக்கறாங்க. "ஊர்ல நெட் சரியில்ல"ன்னு பொட்டியைக் கட்டிக்கிட்டுச் சென்னைக்குப் போறவங்கள்ல எத்தனை பேரோட கோளாறு மேசை மேல இருக்கற ரவுட்டருக்குள்ளயே இருக்கோ. அடுத்த தடவை அப்டேட் ஆனதும் ஸ்பீட் டெஸ்ட்டோட நிறுத்திடாதீங்க. ஒரு பக்கம் பெரிய வீடியோ ஒண்ணை ஏத்திக்கிட்டே இன்னொரு பக்கம் பிங் போடுங்க.

டிஸ்கி: ரவுட்டர் அமைப்புப் பக்கத்தை இப்பவே ஒரு படம் பிடிச்சு வச்சுக்கங்க. அப்டேட் சொல்லிட்டு வராது.