மாருதி 800: மூன்றாவது ஓனரின் வரலாறு



சின்னமனூர் என்றால் வரலாறு படித்தவர்கள் பாண்டியர் செப்பேடு என்பார்கள். மற்றவர்கள் வாழைக்காய் என்பார்கள். இரண்டைப் பற்றியும் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். அதனால் இந்த முறை கார் பற்றி எழுதலாம் என்று இருக்கிறேன். பென்ஸ், ஆடி எல்லாம் இல்லை. நம் எல்லோருக்கும் தெரிந்த மாருதி 800தான். "இதுல என்னடா வரலாறு இருக்கு?" என்று வகுப்பில் ஒரு நண்பன் கேட்டான். அவனுக்காகவே இந்தக் கட்டுரை :-)

கார் வரலாறு என்று எதைப் படித்தாலும் அது தொழிற்சாலையின் வரலாறாகத்தான் இருக்கிறது. யார் ஆரம்பித்தார்கள், யார் சாவி கொடுத்தார்கள், எத்தனை லட்சம் விற்றது என்பதோடு முடிந்துவிடுகிறது. ஷோரூமை விட்டு வெளியே வந்த கார் அதற்குப் பிறகு இருபது, முப்பது வருடம் ஓடுகிறதே, அந்தக் கதை எங்கே? எனக்குத் தெரிந்த குடும்பங்களில் முக்கால்வாசிப் பேர் முதல் காரை ஷோரூமில் வாங்கவில்லை. இரண்டாவது கை, மூன்றாவது கையாகத்தான் வாங்கினார்கள். அந்தப் பக்கத்திலிருந்து இந்த வரலாற்றைப் பார்ப்போம்.

கார் வாங்கக் காத்திருந்த காலம்

1983க்கு முன்னால் இந்தியாவில் கார் என்றால் பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் செய்த அம்பாசடர். இன்னொன்று பம்பாயில் செய்த ஃபியட், பின்னாளில் அதன் பெயர் பிரீமியர் பத்மினி. நம் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. ஸ்டாண்டர்ட் கம்பெனி 1961 முதல் ஹெரால்டு என்ற சிறிய காரை இங்கே செய்தது. பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் கதாநாயகன் ஓட்டிக்கொண்டே பாடுவாரே, அந்த மாதிரிக் கார்.

எத்தனை கார் செய்யலாம் என்பதை அரசாங்க லைசென்ஸ்தான் தீர்மானித்தது. 1981 கணக்கெடுப்பில் நாட்டின் மக்கள்தொகை 68 கோடி. அந்தக் காலகட்டத்தில் ஆண்டுக்குச் செய்த கார்கள் 50,000ஐக்கூடத் தொடவில்லை. பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சிறிய, மலிவான கார் ஒன்று வேண்டும் என்ற பேச்சு 1950களின் கடைசியிலேயே அரசுக் குழுக்களில் ஆரம்பித்துவிட்டது. பேச்சு பேச்சாகவே இருபது வருடம் ஓடியது.

ஒரு தஞ்சாவூர்க்காரரும் ஒரு ஜப்பான் கம்பெனியும்

1971ல் சஞ்சய் காந்தியின் மாருதி கம்பெனி ஆரம்பமானது. அதிலிருந்து மக்கள் வாங்கும்படி ஒரு கார் வரவே இல்லை, கம்பெனி மூடப்பட்டது. 1980 ஜூனில் அவர் விமான விபத்தில் இறந்தார். அதே ஆண்டு அரசாங்கம் அந்தக் கம்பெனியைக் கையகப்படுத்தியது. 1981 பிப்ரவரியில் மாருதி உத்யோக் என்ற அரசு நிறுவனம் பிறந்தது.

இந்த இடத்தில் நாம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். அந்த நிறுவனத்தைக் கட்டி எழுப்பும் பொறுப்பு போனது வி.கிருஷ்ணமூர்த்தி என்ற தமிழரிடம். தஞ்சை வட்டாரத்தில் கருவேலி என்ற கிராமத்தில் 1925ல் பிறந்தவர். சென்னையில் மின் பொறியியல் டிப்ளமோ படித்து, மின்சார வாரியத்தில் வேலை பார்த்து, திருச்சி பி.எச்.இ.எல். ஆலையில் முக்கியப் பங்காற்றி, அந்த நிறுவனத்துக்கே தலைவரானவர். 2022ல் சென்னையில் காலமானார். டிப்ளமோ படிக்கும் நண்பர்கள் இந்தப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்!

அவரும் ஆர்.சி.பார்கவா போன்றவர்களும் உலகம் முழுக்கக் கூட்டாளி தேடினார்கள். கடைசியில் கிடைத்தது ஜப்பானில் சின்னக் கார்கள் செய்துகொண்டிருந்த சுஸுகி. 1982 அக்டோபரில் ஒப்பந்தம், சுஸுகிக்கு 26 சதவீதப் பங்கு. பெரிய காரா, சிறிய காரா என்ற கேள்விக்குப் பெட்ரோல் விலை பதில் சொல்லிவிட்டது. 796 சி.சி., மூன்று சிலிண்டர், முன்சக்கர இயக்கம். எடை சுமார் 650 கிலோ. ஆயிரம் கிலோவுக்கு மேல் இருந்த அம்பாசடரை ஓட்டிப் பழகியவர்களுக்கு இது பொம்மை மாதிரித் தெரிந்திருக்கும்.

1983ல் முன்பதிவு ஆரம்பித்தபோது 10,000 ரூபாய் முன்பணம் கட்டி ஒரு லட்சம் பேருக்கு மேல் பதிவு செய்தார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 14ல், சஞ்சய் காந்தியின் பிறந்த நாளில், முதல் காரின் சாவியை டெல்லியைச் சேர்ந்த ஹர்பால் சிங் என்பவருக்கு இந்திரா காந்தி கொடுத்தார். அவர் 2010ல் இறக்கும்வரை அந்தக் காரை விற்கவில்லை.

விலை 47,500 ரூபாய். இப்போது கேட்டால் சிரிப்பு வருகிறதா? அன்றைய தங்க விலையில் அது முப்பது பவுனுக்கு மேல். ஆக, "மக்கள் கார்" என்று சொல்லப்பட்டாலும் முதலில் வாங்கிய மக்கள் டாக்டர்கள், அதிகாரிகள், வியாபாரிகள். எங்கள் ஊர் வாழை விவசாயி அந்த வரிசையில் இல்லை.

கம்பம் பள்ளத்தாக்குக்கு எப்படி வந்தது?

எங்கள் பள்ளத்தாக்கின் ஒரு விசேஷம், ரயில் கிடையாது. மதுரையிலிருந்து வரும் பாதை தேனி வழியாகப் போடிக்குத் திரும்பிவிடும். தேனிக்குத் தெற்கே வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர், குமுளி எல்லாவற்றுக்கும் ரோடு ஒன்றுதான் கதி. பகலில் பஸ் இருக்கிறது. ஏலத்தோட்ட வேலைக்கு மலை ஏறுகிறவர்களுக்கு ஜீப் இருக்கிறது. ராத்திரி ஒரு மணிக்குப் பிரசவ வலி வந்தால்? அம்பாசடர் வைத்திருக்கும் டாக்ஸிக்காரர் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். அவர் ஊரில் இல்லையென்றால் ஜீப்தான். இதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். கார் என்பது எங்கள் பக்கம் அந்தஸ்துக்கு முன்னால் ஆஸ்பத்திரி.

மாற்றம் 1998ல் ஆரம்பித்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 23ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் செய்த ஹூண்டாய் சான்ட்ரோ அறிமுகமானது. கூரை உயரமாக, தலைப்பாகை கட்டினவர்கூட உட்காரும்படி இருந்தது. டிசம்பர் கடைசியில் டாடா இண்டிகா, அதுவும் டீசலில். 2000ல் மாருதியின் ஆல்ட்டோ. கூடவே வங்கிகள் கார் கடனைத் தாராளமாகக் கொடுக்க ஆரம்பித்தன.

இதன் விளைவைக் கவனியுங்கள். மதுரையில் 800 வைத்திருந்த டாக்டரும் பேங்க் மேனேஜரும் சான்ட்ரோவுக்கு மாறினார்கள். அவர்கள் விட்ட 800 என்ன ஆகும்? புரோக்கர் கைக்குப் போகும். அங்கிருந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டி தாண்டி எங்கள் பக்கம் வரும். அதாவது, இருங்காட்டுக்கோட்டையில் ஒரு புதுக் கார் விற்றால், எங்கள் பள்ளத்தாக்கில் ஒரு பழைய கார் வந்து இறங்கியது. காரை மலிவாக்கியதில் தொழிற்சாலைக்கு ஒரு பங்கு என்றால், அதை விற்றுவிட்டுப் போன முதல் ஓனருக்கும் ஒரு பங்கு உண்டு.

எங்கள் வீட்டில் இருப்பது 1996 மாடல். மதுரைப் பதிவு. ஏன் தேனிப் பதிவு இல்லை என்றால், தேனி மாவட்டம் செயல்பாட்டுக்கு வந்ததே 1997 ஜனவரி 1ல்தான். எங்கள் மாவட்டத்தைவிட எங்கள் கார் மூத்தது :-) அப்பா அதை 2009ல் வாங்கினார், மூன்றாவது ஓனர். அதே ஆண்டுதான் ஒரு லட்ச ரூபாய்க் கார் என்று டாடா நானோ வந்தது. வீட்டில் பெரிய விவாதம். அப்பா சொன்ன காரணம் எளிமையானது: "புதுசு வாங்குனா அது ரிப்பேரானா யாரு பாப்பா? 800ஐ நம்ம ஊர்ல யாரும் பாப்பாங்க."

பெரிய பெரிய நிபுணர்கள் நானோ ஏன் ஓடவில்லை என்று ஆராய்ந்து எழுதினார்கள். "மலிவுக் கார்" என்ற பெயரே அதற்கு எதிரியானது என்றார்கள். 2018ல் அதன் உற்பத்தி நின்றது. எனக்கு என்னவோ அதன் நிஜப் போட்டியாளர்களில் பழைய 800ம் ஒன்று என்றுதான் தோன்றுகிறது.

ஓனராக இருப்பது என்றால்...

கார்பரேட்டர் வண்டி. மார்கழிக் காலையில் சோக் இழுக்காமல் கிளம்பாது. வெயிலில் சோக் இழுத்தால் பெட்ரோல் வழிந்து அடைத்துக்கொள்ளும். இந்த வித்தையைப் பழக எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. பேட்டரி இறங்கிவிட்டால் இரண்டு பேர் தள்ளினால் போதும். பின்கதவைத் திறந்து பின் சீட்டை மடக்கினால் வாழைத்தார்கூட ஏற்றலாம் (அம்மா பார்க்காத நேரத்தில்).

சக்கரம் 12 அங்குலம்தான். ரோட்டில் சுகம், தோட்டத்துப் பாதையில் கஷ்டம். நடுவில் துருத்தும் கல் எல்லாம் அடியில் இடிக்கும். மேகமலைக்கு ஏறும்போது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஒன்றாவது கியருக்கு இறங்க வேண்டும். உள்ளே ஐந்து பேர் இருந்தால் ஏ.சி.யை நிறுத்திவிட வேண்டும். இருப்பதே 37 குதிரை, அவையும் மூச்சு வாங்கும். ஆனால் ஏறிவிடும். இதுவரை ஏறாமல் நின்றதில்லை.

மெக்கானிக் விஷயம்தான் முக்கியம். கம்ப்யூட்டர் இல்லை, சென்சார் இல்லை. ஜெட்டைக் கழற்றி ஊதி, பிளக்கைத் துடைத்து, பாயிண்ட்டைச் சரிபார்த்து மாட்டினால் பாதி வியாதி தீர்ந்துவிடும். 800 இருபத்தைந்து லட்சத்துக்கும் மேல் விற்ற வண்டி என்பதால் ஸ்பேர் பார்ட்ஸ் தேனியிலேயே கிடைக்கும். 2000 வாக்கில் புகை விதிகள் இறுகியபோது 800க்கும் எம்.பி.எஃப்.ஐ. இன்ஜின் வந்தது. மைலேஜும் புகையும் நன்றாகத்தான் மாறின. ஆனால் மரத்தடி மெக்கானிக்குகள் கையிலிருந்து கார் மெல்ல மெல்ல நழுவ ஆரம்பித்ததும் அப்போதுதான்.

குறையையும் சொல்ல வேண்டும். இந்த மலிவில் பாதுகாப்பும் சேர்ந்து கழிந்திருக்கிறது. எங்கள் காரில் ஏர்பேக் இல்லை. தகடு மெலிது. 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு ஏர்பேக் இல்லாத ஐந்து இந்தியச் சின்னக் கார்களை மோதிப் பார்த்தது. பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஐந்துக்கும் கிடைத்தது பூஜ்ய நட்சத்திரம். 800 அந்தச் சோதனையில் இல்லை. இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை. தேனி ரோட்டில் டிப்பர் லாரி முந்தும்போது அப்பா ஓரம் கட்டி நின்றுவிடுவார். பயந்தாங்கொள்ளி என்று முன்பு நினைத்தேன், இப்போது நினைப்பதில்லை.

வைத்திருப்பதன் விலை

மாருதி 800 உற்பத்தி 2014 ஜனவரி 18ல் நின்றது. வரலாற்றுப் புத்தகம் அங்கே முடிந்துவிடும். எங்கள் கணக்கு அங்கே முடியவில்லை.

சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுக்குத்தான். பிறகு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். எங்கள் காருக்கு 2011, 2016, 2021 என்று மூன்று முறை ஆகிவிட்டது. 2021ல் மத்திய அரசின் புதுப்பிப்புக் கட்டணம் 600 ரூபாய். 2022 ஏப்ரலில் அது 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில் வந்த அறிவிப்பில் 20 ஆண்டு தாண்டிய கார்களுக்கு 10,000 ஆனது. ஆக 2026 கணக்கில் 600 என்பது 10,000. மாநில அரசின் பசுமை வரி, எஃப்.சி.க்காகச் செய்யும் டிங்கரிங், பெயின்ட் எல்லாம் தனி. போதாததற்கு பங்குகளில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய வண்டியின் ரப்பர் குழாய், வாஷர்களுக்கு அது ஆகாது என்று மெக்கானிக் இப்போதே எச்சரிக்கிறார்.

அரசாங்கத்தின் பக்கமும் நியாயம் இருக்கிறது. எங்கள் காரில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கிடையாது. ஒரு கிலோமீட்டருக்கு அது விடும் புகை இன்றைய காரைவிட நிச்சயம் அதிகம். ஆனால் விதி வயதைத்தான் பார்க்கிறது, ஓட்டத்தைப் பார்ப்பதில்லை. மாதம் 200 கிலோமீட்டர் ஓடும் 1996 காருக்கும் தினமும் 200 கிலோமீட்டர் ஓடும் காருக்கும் ஒரே கணக்கு. வாங்கும் விலையைக் குறைக்க அரசாங்கம் நிறையவே செய்திருக்கிறது. 2006 பட்ஜெட்டில் நான்கு மீட்டருக்கு உட்பட்ட சின்னக் கார்களுக்குக் கலால் வரி 24லிருந்து 16 சதவீதம் ஆனது. 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. 28லிருந்து 18 சதவீதம் ஆனது. நல்லதுதான். இதெல்லாம் முதல் ஓனருக்கான சலுகை. மூன்றாவது ஓனருக்கு வருவதோ கட்டண உயர்வு மட்டும்.

அப்பா இன்னும் முடிவு செய்யவில்லை. விற்றால் இரும்பு விலைக்கு மேல் கொஞ்சம் கிடைக்கும். அதில் புதுக் காருக்கு முன்பணம்கூடத் தேறாது. பாட்டியை மாதம் ஒருமுறை க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். எங்கள் வீட்டைப் பொறுத்தவரை கேள்வி இதுதான். சுற்றுச்சூழல், பாதுகாப்பு, பாட்டி மூன்றும் அதற்குள் இருக்கின்றன.

நண்பனின் கேள்விக்குப் பதில் இதுதான். மலிவுக் கார் என்பது ஒருநாள் விலையில் முடிகிற விஷயம் இல்லை. தொழிற்சாலை ஒரு முறைதான் அதை விற்றது. அதற்குப் பிறகு மெக்கானிக்கும் புரோக்கரும் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரரும் சேர்ந்து முப்பது வருடம் அதை மலிவாக வைத்திருந்தார்கள். அவர்கள் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

உங்கள் வீட்டு முதல் கார் எது? எத்தனையாவது ஓனர்? இப்போது அது எங்கே இருக்கிறது? வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். ஊர் வாரியாகச் சேர்த்தால் எந்தக் கம்பெனியிடமும் இல்லாத ஒரு வரலாறு நம்மிடம் இருக்கும்.