பொருட்பகுப்பின் வரலாறு: நிகண்டு முதல் இணையக் கலைக்களஞ்சியம் வரை

அறிவைத் திரட்டுவது ஒரு பணி. திரட்டியதை வேண்டும்போது எடுக்குமாறு வகைப்படுத்தி வைப்பது மற்றொரு பணி. முன்னதைப் போற்றும் உலகம் பின்னதைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறது. களத்தில் நெல் மலைபோற் குவிந்திருந்தாலும், விதைநெல் இன்னது, உணவுநெல் இன்னது எனப் பிரித்து வையாதவன் அடுத்த பருவத்தில் அல்லலுறுவான். நூற்செல்வமும் அத்தன்மையதே. இன்று பலர் கூடி இணையத்தில் எழுதும் கலைக்களஞ்சியத்தில், ஒரு கட்டுரையை எந்தப் பகுப்பில் சேர்ப்பது என்னும் வினா நாள்தோறும் எழுகின்றது. புதியதுபோல் தோன்றும் இவ்வினாவுக்கு நீண்டதொரு வரலாறு உண்டு.

தமிழர் இவ்வினாவைத் தொன்மையிலேயே எதிர்கொண்டனர். தொல்காப்பிய மரபியல், உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுத்துக் காட்டுகிறது. நமக்குக் கிடைத்துள்ள நிகண்டுகளுள் பழமையானதாகக் கருதப்படும் திவாகரம், சொற்களைப் பன்னிரண்டு தொகுதிகளாகப் பிரித்தது. தெய்வம், மக்கள், விலங்கு, மரம், இடம் என முதற் பத்துத் தொகுதிகள் பொருள்வகையால் அமைந்தன. ஒரு சொல் பல பொருள் தருமாயின் அதனை வைக்கப் பதினோராம் தொகுதியும், எண்ணால் தொகுத்து வழங்கும் பெயர்களுக்குப் பன்னிரண்டாம் தொகுதியும் அமைந்தன. ஒரு பொருள் ஓரிடத்தில் மட்டுமே அடங்கிவிடுவதில்லை என்பதை நம் முன்னோர் உணர்ந்திருந்தமைக்கு இவ்விரு தொகுதிகளே சான்றாகும்.

எனினும், நிகண்டை மனப்பாடம் செய்தவர்க்கே அது எளிதிற் பயன்பட்டது. இக்குறையைப் போக்க எழுந்ததே அகரவரிசை. 1594ஆம் ஆண்டில் சிதம்பர ரேவண சித்தர் இயற்றிய அகராதி நிகண்டு, சொற்களை முதலெழுத்தின் வரிசையில் அமைத்தது. 1732ஆம் ஆண்டில் வீரமாமுனிவர் தொகுத்த சதுரகராதியோ பெயர், பொருள், தொகை, தொடை என்னும் நான்கு பிரிவுகளை வகுத்து, அவற்றினுள் அகரவரிசையைப் பின்பற்றியது. பொருட்பகுப்பும் எழுத்துவரிசையும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு இந்நூல் நல்ல எடுத்துக்காட்டாகும்.

அகரவரிசையால் தேடல் எளிதாயிற்று. ஆனால் உறவு மறைந்தது. யானைக்கு அருகே யாப்பும் யாழும் வந்து நிற்குமேயன்றிப் புலியும் மானும் வந்து நில்லா. பிரெஞ்சு நாட்டில் 1751ஆம் ஆண்டில் வெளிவரத் தொடங்கிய கலைக்களஞ்சியத்தின் ஆசிரியர்களாகிய திதரோவும் தலம்பேரும் இதனை நன்கு அறிந்திருந்தனர். ஆகவே, கட்டுரைகளை அகரவரிசையில் அடுக்கிய அவர்கள், நினைவு, பகுத்தறிவு, கற்பனை என்னும் முப்பெருங் கிளைகளைக் கொண்ட அறிவு மரம் ஒன்றையும் முதல் தொகுதியில் வரைந்து காட்டினர். ஒரு கட்டுரையிலிருந்து மற்றொன்றுக்கு வழிகாட்டும் குறிப்புகளையும் ஆங்காங்கே அமைத்தனர்.

மரத்திற்கும் ஒரு குறை உண்டு. அதனை நடுபவன் நிற்கும் இடமே அதன் வேராகிவிடுகிறது. அமெரிக்கராகிய மெல்வில் தூயி 1876ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலகப் பகுப்புமுறையில், சமயத்திற்குரிய எண்களுட் பெரும்பகுதி கிறித்தவத்திற்கே ஒதுக்கப்பட்டது. உலகின் ஏனைய சமயங்கள் யாவும் 290 என்னும் ஒரு பிரிவினுள் நெருக்கப்பட்டன. பகுப்பாளர் தீங்கு எண்ணினார் அல்லர்; தம் ஊரின் கண்ணால் உலகைக் கண்டார், அவ்வளவே.

இத்தடையைக் கடக்க வழிகண்டவர் சீர்காழியில் பிறந்த தமிழர் சீ. இரா. அரங்கநாதன். 1924ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற அவர், 1933ஆம் ஆண்டில் கோலன் பகுப்புமுறையை வெளியிட்டார். ஒரு நூலுக்கு ஒரு பெட்டியைத் தேடாமல், அந்நூற்பொருளைப் பல கூறுகளாகப் பிரித்து நோக்க வேண்டும் என்பது அவர் கருத்து. ஆளுமை, பருப்பொருள், ஆற்றல், இடம், காலம் என அக்கூறுகளை ஐந்தாகப் பின்னர் அவர் வரையறுத்தார்.

நூலக அலமாரியில் ஒரு நூல் ஓரிடத்தில்தான் நிற்க முடியும். இணையத்தில் அக்கட்டுப்பாடு இல்லை. 2001ஆம் ஆண்டில் தோன்றிய விக்கிப்பீடியா, 2004ஆம் ஆண்டில் பகுப்பு வசதியைப் பெற்றது. ஒரே கட்டுரையைப் பல பகுப்புகளில் சேர்க்க அங்கு இடமுண்டு. ஆயினும், பழைய குறை மனித மனத்தில் தங்கியிருந்தது. ஆங்கில விக்கிப்பீடியாவில் அமெரிக்க நாவலாசிரியர் என்னும் பகுப்பிலிருந்து பெண்கள் நீக்கப்பட்டு, பெண்களுக்கென அமைந்த உட்பகுப்புக்கு மாற்றப்படுவதை 2013ஆம் ஆண்டில் ஒரு பெண் நாவலாசிரியர் நாளிதழில் சுட்டிக்காட்டினார். உட்பகுப்பு அமைத்தது பிழையன்று; பொதுப்பகுப்பிலிருந்து பெயரை எடுத்ததே பிழை. அதனால் நாவலாசிரியர் என்றாலே ஆடவர் என்னும் பொய்த்தோற்றம் உருவாயிற்று.

இச்செய்தி நமக்கும் உரியது. சயாம் மரண இரயில்பாதையை எண்ணிப் பாருங்கள். 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாமையும் பர்மாவையும் இணைக்க ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளத்தில் அமைந்த அப்பாதையில், மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர் மாண்டனர். அதனைப் பற்றிய கட்டுரையைத் தாய்லாந்து இரயில்வே என்னும் பகுப்பில் மட்டும் வைத்தால், தன் பாட்டனின் கதையைத் தேடும் மலேசிய மாணவன் அதனைக் காண்பானா? இரண்டாம் உலகப்போர், கட்டாய உழைப்பு, மலேசியத் தமிழர் வரலாறு ஆகிய பகுப்புகளிலும் அது இடம்பெறுதல் வேண்டும். அவ்வாறே, மலேசிய, சிங்கப்பூர் எழுத்தாளர்க்குத் தனிப்பகுப்பு அமைப்பது நன்று. தமிழ் எழுத்தாளர் என்னும் பொதுப்பகுப்பிலிருந்து அவர்களை விலக்குவது தீது.

ஆகவே, பகுப்பவர் தம் வசதியை நோக்காது, தேடி வருபவரின் வழியை நோக்குதல் வேண்டும். ஆசிரியப் பெருமக்கள் தம் மாணவர்க்குக் கட்டுரை எழுதக் கற்பிப்பதோடு, அக்கட்டுரை எங்கெங்கு நிற்கத் தக்கது என ஆராயவும் கற்பிப்பாராக. எழுதப்படாத வரலாறு மறைகிறது. எழுதப்பட்டும் உரிய இடத்தில் வைக்கப்படாத வரலாறும் மறைந்ததற்கு ஒப்பாகும்.