மாத்தளையின் முதற் சாரணர் குழு: ஒரு சமூக வரலாற்று நோக்கு

இலங்கைச் சாரணர் இயக்கத்தின் வரலாறு 1912ஆம் ஆண்டு மாத்தளையிலே தொடங்குகின்றது. அவ்வாண்டில் எஃப். ஜி. ஸ்டீவன்ஸ் என்பார் அந்நகரின் கிறைஸ்ட் சேர்ச் கல்லூரியில் நாட்டின் முதலாவது சாரணர் குழுவை அமைத்தார். இதனைத் தனிமனிதரொருவரின் ஆர்வத்தின் விளைவாகக் கூறி அமைதல் எளிது. ஆயின், ஓர் இயக்கம் எங்கு வேரூன்றியது என்பதுடன் எவரை எட்டவில்லை என்பதையும் ஆராய்தல் வேண்டுமென நாம் கருதுகின்றோம்.

சாரணீயம் பிறப்பிலேயே இருமுகம் கொண்டது. தென்னாபிரிக்கப் போரில் மஃபெக்கிங் முற்றுகையாற் புகழ்பெற்ற படைத்தளபதி பேடன் பவல், பேரரசைக் காக்கவல்ல உடலுறுதியுள்ள இளைஞரை உருவாக்க விழைந்தார். எனினும், 1907இல் பிரவுண்சீ தீவில் அவர் நடத்திய பாசறையில் செல்வர் வீட்டுச் சிறுவரும் தொழிலாளர் வீட்டுச் சிறுவரும் ஒன்றாகத் தங்கினர். பேரரசுப் பற்றும் வர்க்க எல்லை கடந்த தோழமையும் அங்கு ஒருங்கே காணப்பட்டன.

இவ்விரண்டில் எது மாத்தளையை வந்தடைந்தது? 1848இல் குடியேற்ற ஆட்சிக்கெதிரான கிளர்ச்சி வெடித்த பிரதேசம் அது. பின்னர் பெருந்தோட்டப் பொருளாதாரம் அதன் முகத்தை மாற்றியது. 1880இல் புகையிரதப் பாதை கண்டியிலிருந்து அந்நகரை எட்டிற்று. தோட்ட நிருவாகம், வணிகம், அரச அலுவலகங்கள் ஆகியவற்றின் தேவைகளோடு ஆங்கிலக் கல்வியும் வளர்ந்தது. சாரணீயம் இக்கல்வியின் வழியாகவே வந்தது. ஆங்கில நூலும் சீருடையும் ஓய்வுநேரமும் வேண்டிய இயக்கத்துக்கு அத்தகைய பாடசாலையே இயல்பான களமாயிற்று.

நகரைச் சூழ்ந்த தோட்டங்களின் நிலையோ வேறு. அங்கு லயன் அறைகளில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளரின் பிள்ளைகள் இளவயதிலேயே கொழுந்து பறிக்கவும் புல்லு வெட்டவும் சென்றனர். 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தோட்டத்துரைமார் மீது சுமத்திய கடமையும் தொடக்கக் கல்வியின் எல்லையைத் தாண்டவில்லை. பேடன் பவல் இலங்கைக்கு வந்த 1921ஆம் ஆண்டிலேதான், தொழிலாளரைக் கடனாற் பிணைத்த துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. தந்தையர் கடனடிமைகளாயிருந்த சூழலில், மைந்தர்க்குப் பாசறை வாழ்வு எட்டாக்கனியே.

அயலிலுள்ள இந்தியாவின் அனுபவம் ஒப்புநோக்கத்தக்கது. அங்கு தொடக்கத்தில் இந்தியச் சிறுவர்க்கு இடமளிக்கப்படவில்லை. அத்தடையை எதிர்த்து 1917இல் அன்னி பெசன்ட் சென்னையில் தனிச் சாரணர் சங்கமொன்றை நிறுவினார். நிறத்தின் பெயரால் எழுந்த தடை வெளிப்படையானது. அதனால் எதிர்ப்பும் வெளிப்படையாயிற்று. மாத்தளையிலோ தடை சட்டத்தில் எழுதப்படவில்லை. வறுமையும் மொழியும் அதனை ஓசையின்றி நிறைவேற்றின.

நற்குடிமகனை உருவாக்குதலே சாரணீயத்தின் இலட்சியம். ஆனால் 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரைக் குடிமக்களல்லாதார் ஆக்கிற்று. அவ்வநீதியைத் துடைக்கும் இறுதிச் சட்டங்களில் ஒன்று 2003இலேதான் நிறைவேறிற்று. மாத்தளைக் குழுவின் முன்னோடிப் பணியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எல்லாச் சிறுவரையும் உடன்பிறந்தாராகக் கொள்ளும் அதன் நெறி, கல்லூரி மதிலைத் தாண்டி லயன் வாசல்வரை சென்றிருக்க வேண்டும் என்பதே எமது வாதம். அந்நெறியின் வெற்றியை அளக்கும் கோலும் அதுவேயாகும்.